பாவுக்கு அந்தப் பக்கம்

புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

போகும்முன் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று அண்ணாச்சி சொன்னதால் இதை எழுதுகிறேன். அடுத்த வாரம் திருநெல்வேலியில் அரசுப் பணியில் சேருகிறேன். எட்டு ஆண்டுகளாக, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த ஒற்றை அறையில், ஜன்னலோர வரைபட மேசைதான் என் இடம். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. பணி ஓய்வு பெற்றவர்களைப் போல உட்கார்ந்து அறிவுரை சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நான் செய்த தவறுகளைச் சொல்லிவிட்டுப் போனால், நீங்கள் அவற்றை விட்டுவிட்டுப் புதிதாக வேறு தவறுகளைச் செய்யலாம்.

கோடு எந்தத் தடிமனில் போட வேண்டும், நகராட்சிக்கு எத்தனை பிரதி வேண்டும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை. காதர் அண்ணனின் தறி ஷெட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். என் அப்பாவும் அம்மாவும் இந்த ஊரில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான்தான். சரியாகச் சொன்னால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவளும் நான்தான். ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடப் பிரிவில் படித்து முடித்து, அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் நகராட்சியில் உரிமம் பெற்ற சர்வேயர். ஊரில் யார் வீடு கட்டினாலும், கடை கட்டினாலும், வரைபடத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் மனு உள்ளே போகும். முதல் ஆண்டு முழுவதும் பழைய வரைபடங்களைப் பிரதி எடுத்தேன். இரண்டாம் ஆண்டில்தான் அளவு எடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் நானே செய்து ஒரு வரைபடம் தயாரித்தேன். அதன் கீழ்மூலையில் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதச் சொன்னார் அண்ணாச்சி. நகராட்சி முத்திரை விழுந்து அது திரும்பி வந்த அன்று, வீட்டுக்கு எடுத்துப்போய் விரித்துக் காட்டினேன். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “இதுல எதுட்டி ஒம் பேரு?” என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். “இம்புட்டுக் குட்டியாவா எழுதுவாக?” என்றாள். இரவுச் சாப்பாடு வரை அது சுருட்டப்படாமலே கிடந்தது.

அந்த வரைபடம்தான் தப்பு.

காதர் அண்ணன் கடையநல்லூர்க்காரர். துபாயில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டப் போனவர். ஆறு ஆண்டு உழைப்பில் நம் ஊரில் நெசவாளர் தெரு ஒன்றில் காலி மனை வாங்கியிருந்தார். எட்டு விசைத்தறி ஓடும் ஒரு ஷெட் போட்டுவிட்டால், திரும்பிப் போகாமல் மனைவி பிள்ளைகளோடு இருந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். மூன்று மாத விடுப்பில் வந்திருந்தார். விடுப்பு முடியும் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அங்கே வேலை போய்விடும். தறி ஓடாமல் அந்த வேலையையும் விட்டால் குடும்பம் நடக்காது. அந்தத் தேதிக்குள் கூரை போட்டு, மின் இணைப்பு வாங்கித் தறியை ஓட்டிக் காட்ட வேண்டும். வரைபட அனுமதி இல்லாமல் மின் இணைப்பு கிடையாது.

முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தபோது, “தங்கச்சி, அங்க எத்தனையோ மாடிக்குக் கம்பி கட்டிட்டேன். எனக்கு ஒரு ஷெட்டு வரைஞ்சு கொடு, போதும்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி ராகிலா அக்கா சிரிக்கவில்லை. “எம்புட்டு நாளாகும்? அதச் சொல்லு மொதல்ல” என்றார்.

மறுநாள் காலை நான் மட்டும் அளவெடுக்கப் போனேன். போன நேரம், தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாக்கு நூல்களைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தேய்த்துக் காயவைப்பதைத்தான் பாவு போடுவது என்போம். கட்டைக் கால்களின் மேல் இடுப்பளவு உயரத்தில் அது தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நின்றிருந்தது. இருபுறமும் ஆட்கள், கஞ்சியைச் சீராக்கும் நீளத் தூரிகையால் புருசு போட்டுக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். பாவைத் தாண்டக் கூடாது. தறிக்காரர் வீட்டில் நடக்கப் பழகும் குழந்தைக்கு முதலில் சொல்லித் தருவது அதுதான். ஆடு மாடு தாண்டினாலே அன்றைக்கு வீட்டில் சண்டை.

மனையின் நீள அகலத்தை அளந்துவிட்டேன். தெருவின் அகலம் மிச்சம் இருந்தது. அதுதான் முக்கியம். தெருவின் நடுக்கோட்டிலிருந்து பத்தடி விட்டுத்தான் முன்சுவர் எழும்ப வேண்டும் என்பது அப்போது இங்கே கடைப்பிடித்த விதி. மனை எல்லையிலிருந்து பாவு வரை டேப்பைப் பிடித்தேன். சரியாகப் பத்தடி. எங்கள் தெருவில் பாவு எப்போதும் நட்டநடுவில்தான் போடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆகவே இந்தப் பக்கம் பத்து என்றால் அந்தப் பக்கமும் பத்து. நோட்டில் ‘தெரு அகலம் 20 அடி’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். மனை எல்லையிலேயே முன்சுவர் வரலாம். எட்டுத் தறிக்கும் இடம் அளந்து வைத்தது போல அமைந்தது.

வேறு எந்த வீட்டுப் பிள்ளை போயிருந்தாலும் குனிந்து அந்தப் பக்கம் நுழைந்திருக்கும், அல்லது யாரையாவது கேட்டிருக்கும். எனக்குத்தான் பாவைப் பற்றி எல்லாம் தெரியுமே! இரண்டால் பெருக்கியதை நான் அண்ணாச்சியிடம் சொல்லவும் இல்லை. தெரு அகலத்துக்குச் சர்வேயரின் கையெழுத்தே பொறுப்பு. அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அனுமதி வந்தது.

அஸ்திவாரக் குழி தோண்டி முடித்த பிறகு, குறித்த கோட்டில்தான் தோண்டியிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு மத்தியானம் போனேன். மறுநாள் காலை கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. ஜல்லி வந்து இறங்கியிருந்தது. தெருவில் பாவு இல்லை. எதிர்வீட்டு வாசலில் மாரியக்கா நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் டேப்போடு வந்த அன்று பாவுக்கு அந்தப் பக்கம் புருசு போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“ஏட்டி, நீதான அன்னைக்கு அளக்க வந்த பிள்ள? யாரு மகட்டி நீ?”

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

“அதான பாத்தேன்! டேப்பு பிடிச்சுக்கிட்டு வாறதுக எல்லாம் பாவுக்குள்ள பூந்து பூந்து வரும். நீ அங்கனயே நின்னுட்டுப் போயிட்ட. வளத்த வளப்புன்னு எங்க வீட்ல சொன்னேன்.” எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அடுத்த வார்த்தையும் அவரே சொன்னார். “ஆமா, அப்ப எங்க பக்கத்த எப்பிடி அளந்த?”

அவர் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான், “நடுவுலதான பாவு போடுவீக, அக்கா?” என்றேன்.

“நடுவுலயா? இந்தத் தெருவுலயா? எதுத்தாப்புல காலி மனைதான, வண்டி எல்லாம் அது ஓரமாத்தான் போவும். அதனால நாங்க பாவ எங்க வாசப் பக்கமா ஒதுக்கிப் போடுவோம். பாவுக்கும் என் படிக்கும் நடுவுல ரெண்டு ஆளு நிக்க முடியாது. இந்தா, பிடிச்சுப் பாரு.”

டேப்பின் முனையை அவரே வாங்கிப் படியில் வைத்தார். நான் குழி ஓரம் வரை போனேன். பதினாறு அடி. மறுபடி பிடித்தேன். பதினாறு.

பதினாறடித் தெருவில் நடுக்கோடு எட்டடியில். அதிலிருந்து பத்தடி என்றால், முன்சுவர் மனைக்குள் இரண்டடி தள்ளி வர வேண்டும். வெட்டிய குழி, வாங்கிய அனுமதி, எட்டுத் தறி எல்லாமே தப்பு.

பக்கத்தில் நின்ற கொத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, பிளானுதான் முத்திர குத்தி வந்தாச்சே. வானக் குழியும் தோண்டியாச்சு. ரெண்டடிய எவன் வந்து பாக்கப்போறான்?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. காதர் அண்ணனின் தேதி அவருக்கும் தெரியும்.

அங்கிருந்து அலுவலகத்துக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். சுவர் எழும்பும். தறி ஓடும். அண்ணன் ஊரிலேயே இருப்பார். என் பெயர் போட்ட முதல் வரைபடம் சரியான வரைபடமாகவே இருக்கும். மாரியக்கா புகார் எழுதப்போவதில்லை. ஆனால் சுவர் எழும்பிய பிறகு ஒரு நாள் பாவு போடும்போது பெரிய வண்டி திரும்ப இடம் இருக்காது. அன்று யாராவது டேப்பைப் பிடிப்பார்கள். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்கிற ஷெட்டின் முன்சுவரை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். அது என் பெயருக்கு வராது, காதர் அண்ணன் பெயருக்குத்தான் வரும். அலுவலகப் படியேறும்போது முடிவுக்கு வந்திருந்தேன். துணிச்சல் வந்துவிடவில்லை.

அண்ணாச்சி கேட்டு முடித்துவிட்டு, அந்த வரைபடத்தின் பிரதியை எடுத்து மேசையில் விரித்தார். பிறகு, “தெரு அகலத்த ரெண்டால பெருக்கின மொத ஆளு நீதான்ட்டி” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “என் லைசென்சுக்கு ஆபத்துன்னு தெரியுதா?”

“தெரியுது அண்ணாச்சி. நான் போய்ச் சொல்லுதேன், எந் தப்புன்னு.”

“நீ மட்டும் போனா, சின்னப் பிள்ள தலையில கட்டிட்டு ஒளிஞ்சுக்கிட்டான்னு என்னச் சொல்லுவாக. நான் மட்டும் போனா, ஒனக்கு நாளைக்கும் ரெண்டால பெருக்கத் தோணும். எந்திரி, ரெண்டு பேரும் போவோம்.”

முதலில் மனைக்குப் போய்க் கான்கிரீட்டை நிறுத்தினோம். பிறகு காதர் அண்ணனிடம் சொன்னோம். அவர் ஜல்லிக் குவியல் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராகிலா அக்காதான் கேட்டார்: “திரும்ப அனுமதி வாங்க எம்புட்டு நாளாகும்?”

“தெரியலக்கா.”

“போன தடவ எல்லாம் தெரிஞ்ச மாதிரிச் சொன்ன?”

காதர் அண்ணன்தான் தலையைத் தூக்காமலே, “விடு ராகிலா. நாளைக்கு வந்து சொல்லியிருந்தா கான்கிரீட்டையில்ல உடைக்கணும். இன்னைக்கே வந்து சொல்லியிருக்கு” என்றார்.

மறுநாள் காலை நகராட்சியில், தவறு எங்களுடையது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்தோம். எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். “அண்ணாச்சி, அடுத்தவன் தப்புன்னு மனு வரும், அதுக்கு ஃபைல் இருக்கு. என் தப்புன்னு வந்தா எந்த ஃபைல்ல வைக்க?” என்று உண்மையாகவே கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகைக்குப் பதிலாக.

நகரமைப்பு ஆய்வாளர் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “அளந்தது நீங்களா? வாங்க, இப்பவே போய்ப் பாக்கலாம்” என்று கிளம்பினார்.

போனால் தெருவில் பாவு போட்டிருந்தது. ஆய்வாளர் திகைத்து நின்றார். மாரியக்கா அந்தப் பக்கத்திலிருந்து, “ஏட்டி, டேப்ப அடியில தள்ளு. நான் பிடிச்சுக்கிடுதேன்” என்றார். நான் குத்தவைத்து டேப்பின் முனையைப் பாவுக்கு அடியில் தரையோடு தள்ளினேன். அவர் புருசைத் தோளில் சாத்திவிட்டுக் குனிந்து, அதை எடுத்துப் படியில் வைத்தார். ஒரு நூல் அசையவில்லை. பதினாறு அடி என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

தங்கைகளே, தம்பிகளே, முதல் நாளும் அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு மனுஷி நின்றிருந்தார். கேட்டிருந்தால் பிடித்திருப்பார். நமக்குத் தெரிந்த ஊர், தெரிந்த தெரு என்று தோன்றும்போதெல்லாம் எதிரே நிற்பவரிடம் டேப்பின் முனையைக் கொடுங்கள்.

திருத்திய வரைபடம் கொடுங்கள், அதுவரை ஒரு கல் வைக்கக் கூடாது என்றார் ஆய்வாளர். அண்ணாச்சி, விடுப்புத் தேதியைச் சொல்லி, சீக்கிரம் முடித்துத் தர முடியுமா என்று கேட்டார். “உங்களுக்கு முன்னால பதினோரு மனு இருக்கு. அவங்களுக்கும் அவசரம் இருக்கும்” என்றார் அவர். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அந்தப் பதினோரு பேரில் யாருடைய நாளை எங்களுக்குப் பிடுங்கிக் கொடுக்கச் சொல்ல முடியும்?

புது வரைபடத்தில் எட்டுத் தறியும் அடங்குமா என்பது அடுத்த கேள்வி. காகிதத்தில் எப்படியோ நெருக்கி எட்டையும் போட்டுவிட்டேன். ஏற்கெனவே ஒரு முறை காகிதத்தை நம்பியவள் ஆயிற்றே என்று, அலுவலகத்துக்கு வெளியே சிமெண்ட் தரையில் சுண்ணக்கட்டியால் ஷெட்டை முழு அளவில் வரைந்து, வேலை முடிந்து வந்த அம்மாவைக் கூட்டிவந்து நடக்கச் சொன்னேன். அம்மா தறி ஓட்டுகிறவள். வரிசைகளுக்கு நடுவில் நடந்தாள், குனிந்தாள், அறுந்த நூலை முடிச்சுப் போடுவது போலத் திரும்பினாள். கடைசித் தறிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

“இங்கன நின்னு நூலு முடிஞ்சா, பின்னால ஓடுத தறியோட பட்டை என் முந்தானையப் பிடிச்சு இழுத்துரும். இத எடுத்துரு.”

“ஒண்ணு கொறஞ்சிரும்மா. அவுக எட்டுக் கேக்காக.”

“அவுகளா நிக்கப் போறாக?”

அம்மா சொன்ன காரணத்தோடு, ஏழு தறி என்று காதர் அண்ணனிடம் சொன்னேன். எட்டாவது தறியை நான் வரைய மாட்டேன் என்றும் சொன்னேன். அப்படிச் சொல்ல அன்று எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இன்றும் வியப்பாக இருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஏழு ஓடுனாப் போதும் தங்கச்சி. இல்லாத ஒண்ணுக்காக ஒரு பொம்பளயோட கை போவக் கூடாது” என்றார். துபாயில் அவர் என்னென்ன பார்த்திருந்தாரோ.

வரிசையில் நின்று அனுமதி வந்தபோது, அவர் புறப்பட நான்கு நாள்தான் இருந்தது. நான்கு நாளில் புதிய குழியில் கான்கிரீட் போட முடிந்தது, அவ்வளவுதான். காதர் அண்ணன் துபாய்க்குத் திரும்பிப் போனார். என் ஒரு பெருக்கலால் ஒரு மனிதர் ஒன்றேகால் ஆண்டு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டியதாயிற்று. இதை மென்று விழுங்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன். நல்லபடியாக முடிந்த தவறு என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பேருந்து நிலையத்தில் வழியனுப்ப நானும் போயிருந்தேன். வண்டி கிளம்பிய பிறகு ராகிலா அக்கா என்னைப் பார்த்து, “அவுக போயிட்டாக. இனி நான்தான் கட்டணும். வாரத்துக்கு ரெண்டு நாளு நீ வந்து நிக்கணும்” என்றார்.

“கட்டாயம் வாரேன் அக்கா.”

“டேப்போட வா.”

போனேன். கடையநல்லூரிலிருந்து காலை வண்டிக்கு வந்துவிடுவார். கொத்தனாரோடு அவர் பேசுவதைப் பார்த்துத்தான் வேலை வாங்கும் பேச்சு எனக்கு வந்தது. கூரை ஏறியது. மின் இணைப்பு வந்தது. ஓட்டத் தெரியாமல் தறி முதலாளியாக இருக்க மாட்டேன் என்று, என் அம்மாவிடம் ஒரு மாதம் நின்று தறி ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஏழு தறியும் ஓடத் தொடங்கின. அதன் பிறகும் தேதி தெரியாத ஒரு காத்திருப்பு இருந்தது. துபாயில் கம்பெனி கணக்கு முடித்து அவரை விடுவிக்க வேண்டுமே.

இப்படி யோசித்துப் பார்த்தால், இந்த ஒரு வரைபடத்தில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் எத்தனை பேர்! கேள்வி கேட்ட மாரியக்கா, கூடவே எழுந்து வந்த அண்ணாச்சி, வரிசையை எனக்காக வளைக்காத ஆய்வாளர், தறியை எடுக்கச் சொன்ன அம்மா. யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள். நான் பிழைத்தேன்.

ஒரு நாள் முற்பகல், ஷெட்டுக்கு வெளியே மழைநீர் போக வாய்க்கால் குறித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு பெட்டியோடு காதர் அண்ணன் வந்துகொண்டிருந்தார். கடையநல்லூருக்குப் போகாமல் நேராக இங்கே இறங்கியிருக்கிறார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஷெட் வாசலில் போய் நின்றார். ஏழு தறியின் சத்தத்தில் உள்ளே யாருக்கும் அவர் வந்தது கேட்கவில்லை. ராகிலா அக்கா மூன்றாவது தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை. முடிச்சை இறுக்கிவிட்டு, சத்தத்துக்கு மேல் கத்தினார்:

“செருப்பக் கழத்திட்டு வாங்க! கீழ நூலு கெடக்கு!”

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, புது ஷூவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.